மகளின் வரலாற்று புராஜெக்டுக்கு ஊர் ஏரி போதும்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பாரம்பரியக் கண்காட்சி வருகிறது, 'நமது பாரம்பரியம்' என்று மட்டும் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், கையில் மூன்று வாரம் இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோவிலைத் தெர்மாகோலில் செய்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுராந்தகம் பக்கம் கிராமம், வீட்டிலிருந்து ஏரிக்கரை நடக்கிற தூரம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு, நவம்பர் 19 முதல் 25 வரை வருகிற உலகப் பாரம்பரிய வாரத்தில் நடுவராக வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் பார்க்கும் பெரிய கோவில்களை எண்ணினால் ராஜராஜனுக்கே மலைப்பாக இருக்கும். ஒரு தடவை ஒரே ஹாலில் ஐந்து. ஐந்து அட்டையிலும் 'கோபுரத்தின் நிழல் தரையில் விழாது' என்று அதே வரி. நிழல் நன்றாகவே விழுகிறது, வெயிலில் அரைமணி நேரம் அங்கே நின்றால் போதும். அந்தப் பிள்ளைகளில் யாரும் நின்று பார்க்கவில்லை, தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பெரிய கோவில் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை தன் காலால் போய், தன் கண்ணால் சரிபார்க்க முடிகிற ஒன்று இருந்தால்தான் அது அவளுடைய புராஜெக்ட். மற்றதெல்லாம் அப்பாவும் கலர் பிரிண்டரும் சேர்ந்து செய்வது.

சரி, ஏரி என்று முடிவானது. ஆனால் 'எங்கள் ஊர் ஏரி' என்பது வெறும் தலைப்பு. அதை வைத்து எழுத ஆரம்பித்தால் பரப்பளவு, கொள்ளளவு, பறவைகள், பயன்கள் என்று கட்டுரை நோட்டாகிவிடும். ஒரு கேள்வி வேண்டும். நானாக இருந்தால் இதைக் கொடுப்பேன்: 'எங்கள் ஏரியில் தண்ணீர் திறக்கும் நாளை யார் முடிவு செய்தார்கள், இப்போது யார் முடிவு செய்கிறார்கள்?' கேட்கச் சின்னதாக இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டு போனால் சோழர் கால வாரியத்தையும் (ஊர்ச்சபையின் குழு) தொடலாம், கும்பெனிக் காலக் (கிழக்கிந்தியக் கம்பெனி) கணக்கையும் தொடலாம், பக்கத்துத் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும், ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்து விட்ட நீர்க்கட்டித் தாத்தாவையும் தொடலாம்.

முதல் வாரம் எந்தப் புத்தகமும் வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், செல்போன். மகளைக் கூட்டிக்கொண்டு கரை மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள். எத்தனை தப்படி என்று அவளே எண்ணட்டும். நவம்பர் என்பதால் கரை வழுக்கும், மதகுக் கிணற்றுப் பக்கமோ, மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கமோ அவளைத் தனியாக விட வேண்டாம். போகும் வழியில் கண்ணில் படுவதையெல்லாம் படமாக வரையச் சொல்லுங்கள். மதகு எத்தனை, கலங்கல் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது. கலங்கலில் வரிசையாகச் செங்குத்துக் கற்கள் நட்டிருந்தால் குறித்துக்கொள்ளட்டும். அவற்றின் இடைவெளியில் பலகையோ மண்ணோ வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்குவார்கள். அப்படி அடைத்தால் மேலே இருக்கிற வயல் மூழ்கும், அடைக்காவிட்டால் கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் பற்றாது. 'யார் முடிவு செய்தார்கள்' என்ற கேள்விக்கு முதல் சாட்சி அந்தக் கற்கள்தான்.

பழைய தூம்பு, அதாவது ஏரிக்குள்ளிருந்து தண்ணீர் திறக்கும் கல் மதகு, இருந்தால் உங்கள் மகள் கொடுத்துவைத்தவள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக் கல் என்று நிற்கும். அடியில் துளை, துளையை அடைக்க ஒரு கட்டை அல்லது கல். அதைத் திறக்க நீர்க்கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் போக வேண்டும். தெற்கே பாண்டிய நாட்டுப் பக்கம் இதையே குமிழித் தூம்பு என்பார்கள். நீர் போக ஒரு துளை, சேறு போக ஒரு துளை என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். தூணில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், பல ஊர்களில் யார் காலத்தில் யார் செய்து வைத்தது என்று வெட்டியிருக்கும். எழுத்து தெரிகிறது என்றதும் சுண்ணாம்பு, மைதா, எண்ணெய் எதையும் பூசிவிடாதீர்கள். கல் கெட்டுப்போகும். பொழுது சாய்ந்த பிறகு செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் வெயிலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடப் பளிச்சென்று வரும். அப்படியே நாலைந்து கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மை தடவிக் காகிதத்தில் எழுத்தைப் பிரதி எடுக்கும் மைப்படி கல்வெட்டுத் துறைக்காரர்கள் வேலை, பாதுகாக்கப்பட்ட இடங்களில் அதற்கு அனுமதியும் வாங்க வேண்டும்.

ஊர்ச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏரி நிரம்பி வழிந்தால் உங்கள் பக்கம் 'ஏரி கோடி போகுது' என்பார்கள், மதுரைப் பக்கம் அதுவே 'கண்மாய் மறுகால் பாயுது'. ஏரி, தாங்கல், ஏந்தல், கண்மாய், குளம் என்று ஊருக்கு ஒரு பெயர். இவற்றை ஒரு ஓரத்தில் சின்னச் சொல்பட்டியலாக வைத்தாலே அட்டைக்கு ஒரு களை வந்துவிடும்.

அடுத்தது பெரியவர்களிடம் பேசுவது. இதில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பத்துக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு பரீட்சை மாதிரி வரிசையாகக் கேட்பார்கள், தாத்தா ஆமாம், இல்லை என்று முடித்துவிடுவார். முக்கியமாக 'எந்த வருஷம்?' என்று கேட்கவே கூடாது. கிராமத்தில் யாரும் வருஷத்தை எண்ணாக நினைவு வைத்துக்கொள்வதில்லை. 'உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?', 'எம்.ஜி.ஆர். இறந்தப்ப இந்த மதகு இருந்துச்சா?', 'ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு சொன்னாங்களே, அப்ப நீங்க வேலை பார்த்தீங்களா?' என்று கேட்க வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், படி அரிசிப் பேச்சு 1967 தேர்தல். இப்படி ஊருக்கே தெரிந்த நாலு முளையை அடித்து வைத்துக்கொண்டால் மற்ற கதையெல்லாம் அதில் கட்டிக்கொள்ளும்.

என் மாணவி ஒருத்தி செய்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டியிடம் மதகைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். 'நயா பைசா வந்த புதுசுல மதகைப் புதுசாக் கட்டினாங்க, கூலி கொடுக்கும்போது அணாவுக்கு எத்தனை பைசான்னு கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே சண்டை' என்றாராம் பாட்டி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா, சண்டை வராமல் என்ன செய்யும். அப்புறம் இவள் ஏரிக்குப் போய் மதகுச் சுவரில் பாசியைக் கையால் தள்ளிப் பார்த்தால், சிமெண்டில் ஆணியால் கீறின மாதிரி '1958'. கையில் பாசியோடு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். அந்தக் கண்காட்சியில் அவள் அட்டை பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது, ஆனால் நடுவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை.

பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், பெயரை அட்டையில் போடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் கூடப் போனால் வாயைத் திறக்காதீர்கள். அப்பா பேசினால் பெரியவர்கள் அப்பாவிடம்தான் பேசுவார்கள், பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

நீர்க்கட்டி குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் போக வேண்டும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று தலையில் கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். கூலி பணமாக இல்லை, அறுவடைக் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுத்தார்கள். பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. தண்ணீரைத் திறந்து விட்டவர்களுக்கு அதே ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலமாவது இருந்ததா, ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததா என்று மகள் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். சங்கடமான பதில் வந்தாலும் அதை அட்டையில் விட்டுவிட வேண்டாம், அதுவும் பாரம்பரியம்தான்.

இரண்டாவது வாரம் காகிதங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் இருக்கும். ஏரி புறம்போக்கு எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்று அதில் தெரியும். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம். அந்தப் பரப்பையும் இன்று கண்ணால் பார்க்கும் ஏரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியக்கூடும். தெரிந்தால் எழுதட்டும், ஆனால் ஆக்கிரமிப்பு என்று யார் பெயரையும் போட வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஊர் வம்பில் இழுத்துவிடாதீர்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஏரி அரசின் நீர்வளத் துறை வசம், முன்பு பொதுப்பணித் துறை என்போமே அது. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது 'இப்போது யார்' என்ற பாதிக் கேள்விக்குப் பதில்.

வருவாய்த்துறைப் பழைய காகிதங்களில் ஆண்டு பசலியில் இருக்கும். பயப்பட வேண்டாம், 590 கூட்டினால் போதும். பசலி 1367 என்றால் 1957 ஜூலையில் தொடங்கி 1958 ஜூனில் முடிகிற ஆண்டு. நான் சொன்ன பாட்டியின் மதகு அந்தக் கணக்கில்தான் வரும். கோவில் கல்லிலோ சத்திரத்துத் தூணிலோ 'விரோதி வருஷம்' என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். விரோதி 1889-லும் வந்தது, 1949-லும் வந்தது, 2009-லும் வந்தது. கூட வேறு சாட்சி இல்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடக் கூடாது.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கும்பெனிக்காரர்கள் ஆரம்பத்திலேயே கைக்கு எடுத்த நாடு இது, 'ஜாகீர்' என்பார்கள். அதனால் காகிதம் அதிகம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர் விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு, ஏரி வேலைக்கான பங்கும் சேர்த்து. ஓலையில் எழுதின ஊர்க்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1879-இல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்ட மேனுவல் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், இங்கே நீங்கள் உதவலாம். உங்கள் தாலுகா வரும் பக்கங்களை மட்டும் படித்துச் சொல்லுங்கள், எழுதுவது அவள் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போய் வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 919-உம் 921-உம். பாடப்புத்தகத்தில் வருவதுதான். ஆனால் உங்கள் மகளுக்கு அதில் வேண்டியது 'உலகின் முதல் ஜனநாயகம்' என்ற வசனம் அல்ல. முப்பது குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு மாதிரி) குடத்தில் ஓலை போட்டு முப்பது பேரை எடுத்து, அதில் பன்னிரண்டு பேர் ஆட்டை வாரியம் (ஆண்டுக் குழு), பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். அந்த ஆறு பேர்தான் அவள் கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பதில். கூடவே தகுதிப் பட்டியலையும் படிக்கச் சொல்லுங்கள்: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் படிப்பு. அது பிராமணர்களின் சபை. பெண்கள் கிடையாது, வயலில் இறங்கி உழுதவர்கள் கிடையாது. நான் நடுவராக இருந்தால் முதல் கேள்வியே 'இந்த ஆறு பேரில் உன் தெருக்காரர் யாராவது இருந்திருக்க முடியுமா?' என்பதுதான். அதற்கு ஒரு நிமிஷம் யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

நடுவில் குடிமராமத்து வருகிறது. ஊர்க்காரர்களே கூடிக் கரையைச் செப்பனிடுவது, தூர் வாருவது. தானாக நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் போட்டு வரவழைக்க வேண்டிய நிலை ஆங்கிலேயர் காலத்தில் வந்துவிட்டது, 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. 2017-இல் அதே பெயரில் தமிழக அரசு ஒரு திட்டம் ஆரம்பித்தது. பெயர் அதேதான், பணம் அரசுடையது. உங்கள் ஏரியில் அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள் என்று கேட்டு இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இப்போது மதுராந்தகம். 'ஏரி காத்த ராமர்' கதையை உங்கள் மகள் எப்படியும் எழுத ஆசைப்படுவாள். எழுதட்டும். 1790-களில் ஜாகீர் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், ஏரிக்கரை உடையாமல் நின்றால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருவதாக வேண்டிக்கொண்டார், அடைமழை இரவில் வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காவல் காத்ததைக் கண்டார் என்பது கதை. அந்தக் கோவிலில் தாயார் சந்நிதித் திருப்பணி பிளேஸ் துரையின் தர்மம் என்று கல்லில் எழுதியிருப்பதையும் இன்று போய்ப் பார்க்கலாம். இதில் கல் சொல்வது எது, ஜனங்கள் சொல்வது எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தால் எட்டாம் வகுப்புக்கு அதுவே பெரிய விஷயம்.

அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்று பேனா. கல்லிலோ காகிதத்திலோ இருப்பது கறுப்பு. பெரியவர்கள் சொன்னது பச்சை. தானாக ஊகிப்பது நீலம். குறிப்பு நோட்டிலேயே இதைப் பழக்கிவிட்டால் அட்டை எழுதும்போது குழப்பம் வராது. 'கோவிலிலிருந்து கோட்டைக்குச் சுரங்கப்பாதை போகுது' என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்வார்கள், சுரங்கப்பாதை இல்லாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. பச்சையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், சண்டை போட வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் அட்டை. மூன்று மடிப்பு அட்டை போதும். நடுவில் கேள்வி, பெரிய எழுத்தில். அதன் கீழே அவளே கையால் வரைந்த ஏரி வரைபடம், தப்படிக் கணக்கோடு. இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று ஒரு வரி. மொத்தமாக முந்நூறு சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், நானும் மாட்டேன். குறிப்பு நோட்டை அழகுபடுத்தாமல் அப்படியே மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு, சேற்றுக் கறையோடு இருக்கிற நோட்டைப் புரட்டினால் வேலை நடந்திருப்பது நடுவருக்குத் தெரிந்துவிடும்.

பேச்சு மூன்று நிமிஷம். மனப்பாடம் வேண்டாம், வரைபடத்தில் விரலை வைத்து மதகிலிருந்து ஆரம்பித்தால் தானாக வரும். 'இதில் உனக்குத் தெரியாமல் போனது என்ன?' என்று நடுவர்கள் கேட்பதுண்டு. அதற்கு ஒரு உண்மையான பதில் தயாராக இருக்கட்டும், 'பழைய தூம்பை எந்த வருஷம் மூடினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை' என்பது போல.

தெர்மாகோல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்குச் செய்ய ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம், ஆனால் கோபுரம் வேண்டாம், தூம்பைச் செய்யட்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் களிமண்ணால் கரை கட்டி, அடியில் ஒரு குழாயைச் சொருகி, வாயைக் கட்டையால் அடைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுக் கட்டையைப் பிடுங்கிக் காட்டினால் கூட்டம் அவள் மேசையில்தான் நிற்கும். கீழே வைக்க ஒரு தாம்பாளமும் துடைக்கத் துணியும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். போன வருஷம் ஒரு பையன் திறந்துவிட்ட ஏரித் தண்ணீர் நேராகப் பக்கத்து மேசைப் பெரிய கோவிலுக்குப் பாய்ந்துவிட்டது.